44க்கு 1

பனிச்சங்கேணிக்குப் புகையிரதம் வருவதில்லை. திருகோணமலை வீதி களப்பைப் பாலத்தால் தாண்டி வாகரைப் பக்கம் போகிறது, அவ்வளவுதான். தண்டவாளத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் வாழைச்சேனைக்கோ புணானைக்கோ போக வேண்டும். மாகோவில் பிரிந்து, கல்லோயா, பொலன்னறுவை, வெலிக்கந்தை என்று வந்து, 1928இல் மட்டக்களப்பைத் தொட்ட பாதை அது. மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்க பஸ்ஸும் கோச்சியும் நெடுங்காலம் ஒரே பாலத்தையே மாறி மாறிப் பயன்படுத்தின. வீதிக்கெனத் தனிப்பாலம் வந்தது பிறகுதான்.

மலை ரயிலைப் பற்றிய அத்தியாயத்தை இந்தச் சமதரையில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பனிச்சங்கேணியில் களப்பு நீரும் கடல் நீரும் கலக்கின்றன. உயரம் என்ற கணக்குப் பூச்சியத்தில் தொடங்கும் மட்டம் இது. இங்கிருந்து செங்கலடிக்குப் போய், பதுளை வீதியில் பஸ் ஏறி, மகாஓயா, பிபிலை, லுணுகலை என்று மலைக்குள் நுழைபவர்கள் பதுளையில் இலங்கையின் மலை ரயில் பாதையின் கடைசி நிலையத்தைப் பார்க்கலாம். அங்கிருந்து மேல்நோக்கி ஏறும் தண்டவாளம் பட்டிப்பொளைக்கு அருகே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,890 மீற்றர் உயரத்தைத் தொடுகிறது. இலங்கையில் புகையிரதம் எட்டும் மிக உயர்ந்த இடம் அதுதான்.

மலை ரயிலில் போனவர்கள் திரும்பி வந்து சொல்பவை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வண்டி ஆமைவேகத்தில் போகும். வளைவில் எட்டிப் பார்த்தால் கடைசிப் பெட்டி தெரியும். நீராவி எஞ்சின் என்றால் மூச்சு வாங்கும் சத்தமும், பனிக்குள் கரையாமல் நிற்கும் வெண்புகையும் சேர்ந்துகொள்ளும். இவற்றில் ஒன்றைக்கூட யாரும் அழகுக்காகச் செய்து வைக்கவில்லை. மெதுவாகப் போவதற்கும், வளைந்து போவதற்கும், மூச்சு வாங்குவதற்கும் பின்னால் ஒவ்வொரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குகளெல்லாம் ஒரே எண்ணில் வந்து சேர்கின்றன. அது சாய்வு.

சாய்வின் விலை

ரயில் பொறியியலாளர்கள் சாய்வைப் பின்னமாகச் சொல்வார்கள். 44 மீற்றர் முன்னே போக 1 மீற்றர் உயர்ந்தால் அது 44க்கு 1. கண்ணுக்கு அது ஒரு மேடாகவே தோன்றாது. சைக்கிளில் போகிறவர் கொஞ்சம் அழுத்தி மிதிப்பார், கார் ஓட்டுபவர் கவனிக்கவும் மாட்டார். ஆனால் ரயிலுக்கு அது பெரிய ஏற்றம்.

சமதரையில் உருக்குத் தண்டவாளத்தின்மேல் உருக்குச் சில்லு உருளும்போது எதிர்ப்பு மிக மிகக் குறைவு. ஒரு தொன் எடையுள்ள பெட்டியை மெதுவாக நகர்த்திக்கொண்டே இருக்க ஏறத்தாழ 3 கிலோ எடைக்குச் சமமான இழுவை போதும். வெலிக்கந்தைக்கும் வாழைச்சேனைக்கும் இடையிலான சமவெளியில் ஒரு எஞ்சின் நீண்ட தொடரைச் சிரமமின்றி இழுத்துப் போவது இதனால்தான்.

அதே தொன்னை 44க்கு 1 சாய்வில் ஏற்றுவதானால், புவியீர்ப்புக்கு எதிராக மட்டும் 1,000ஐ 44ஆல் வகுத்து வரும் 23 கிலோ வேண்டும். முதலில் சொன்ன 3ஐயும் கூட்டினால் 26. சமதரையில் தேவைப்பட்டதைப் போல எட்டு மடங்குக்கும் மேல். கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடு, எஞ்சினின் வேலையை எட்டு மடங்காக்கிவிடுகிறது. ரயில் உருளும் சுகமே மலையில் அதற்குப் பாதகமாகிறது. எதிர்ப்பு எவ்வளவு குறைவோ, சாய்வின் சுமை அவ்வளவு பெரிதாகத் தெரியும்.

நகத்தின் அளவு பிடி

எட்டு மடங்கு வேலை என்றால் எட்டு மடங்கு பலமுள்ள எஞ்சினைச் செய்துவிடலாமே என்று தோன்றும். பலத்தைக் கூட்டலாம். பிடியை எங்கே வாங்குவது?

உருக்குச் சில்லும் உருக்குத் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடத்தின் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர சென்ரிமீற்றர். ஒரு சுண்டுவிரல் நகம் அளவு. பல தொன் எடை அந்த இடத்தில் இறங்குகிறது. எஞ்சின் முழுவதும் இப்படிப்பட்ட ஆறு எட்டு நகப் பரப்புகளைக் கொண்டுதான் பூமியைப் பிடித்து இழுக்கிறது. காய்ந்த தண்டவாளத்தில், இயக்கும் சில்லுகளின்மேல் உள்ள எடையின் கால் பங்கு அளவுக்கு இழுவிசை கிடைக்கும். மழைத்தூறலில் நனைந்து, இலைச்சாறு படிந்த தண்டவாளத்தில் அது எட்டில் ஒரு பங்காகக் குறையலாம். அதற்கு மேல் நீராவியைத் திறந்தால் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றும்.

இதை ஓர் உதாரணத்தில் போட்டுப் பார்ப்போம். இயக்கும் சில்லுகளின்மேல் 48 தொன் இறங்கும் ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நல்ல வெயிலில் அதற்கு 12 தொன் இழுவிசை கிடைக்கும். 44க்கு 1 சாய்வில் ஒவ்வொரு தொன்னுக்கும் 26 கிலோ வேண்டும் என்பதால், எஞ்சினையும் சேர்த்து ஏறக்குறைய 460 தொன்வரை ஏற்றலாம். தண்டவாளம் நனைந்தால் இழுவிசை 6 தொன்னுக்கு இறங்கும், ஏற்றக்கூடிய எடையும் 230 தொன்னாகிவிடும். அதாவது ஒரு மழைக்குப் பாதித் தொடர் கழன்றுவிடுகிறது. மலையிலோ மழைக்குப் பஞ்சமே இல்லை.

இந்தக் கவலை ரயில் அளவுக்குப் பழையது. 1812இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரருகே மிடில்டன் சுரங்கப் பாதைக்கு ஜோன் பிளென்கின்சொப் அமைத்த முறையில், எஞ்சினில் ஒரு பற்சில்லு இருந்தது, தண்டவாளத்தின் பக்கவாட்டில் பற்கள் இருந்தன. அக்கால வார்ப்பிரும்புத் தண்டவாளம் பாரமான எஞ்சினைத் தாங்காது, இலேசான எஞ்சினுக்கோ பிடி போதாது என்பதால் வந்த ஏற்பாடு அது. அதே காலத்தில் வைலம் சுரங்கத்தில் வில்லியம் ஹெட்லி சோதனை செய்து, சமதரையில் வழுவழுப்பான சில்லுகளின் பிடியே போதும் என்று காட்டினார். உலகின் பெரும்பாலான ரயில் பாதைகள் ஹெட்லி வழியில் போயின. மலையடிவாரம் வந்ததும்தான் பிளென்கின்சொப்பின் பற்களை மறுபடி நினைக்க வேண்டியதாயிற்று.

பற்கள் இல்லாமல் பிடியைக் கூட்ட ஒரு பழைய வழி மணல். எஞ்சினின் உடலில் மணல்பெட்டி இருக்கும். அதிலிருந்து இறங்கும் குழாய் சில்லுக்கு முன்னால் தண்டவாளத்தில் மணலைத் தூவும். இந்தியாவில் 610 மில்லிமீற்றர் அகலப் பாதையில் ஓடும் டார்ஜிலிங் எஞ்சின்களில் ஆட்கள் முன்புறத்தில் உட்கார்ந்து கையாலேயே மணல் தூவிப் போவார்கள். அந்தப் பாதையில் கும் நிலையம் 2,258 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்துக்கும் பற்கள் இல்லை. வெறும் பிடியும் மணலும், முன்பின்னாகப் போய்வரும் திருப்பங்களும் சுழல்களும்தான்.

உயரத்தைத் தூரத்தால் வாங்குதல்

பிடி குறைவு என்றால் சாய்வைக் குறைக்க வேண்டும். சாய்வைக் குறைக்கப் பாதையை நீட்ட வேண்டும். மலைச்சரிவில் நீட்டுவதற்கு வளைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இலங்கையின் மலைப்பாதை எடுத்த முடிவு இதுதான்.

கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு முதல் ரயில் ஓடியது 1864 டிசம்பர் 27இல். பாதை 1867இல் கண்டியை அடைந்தது. அன்று மலைநாட்டின் செல்வம் கோப்பி. மாட்டு வண்டியில் வாரக்கணக்கில் இறங்கி வந்த கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு விரைவாகக் கொண்டுவரவே தோட்டத்துரைமார் ரயில் கேட்டார்கள். தண்டவாளம் 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1894இல் பண்டாரவளைக்கும் ஏறி, 1924இல் பதுளையை அடைந்தது. இதற்குள் ஏற்ற வேண்டிய சரக்கே மாறிவிட்டது. 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அழித்தது. கோப்பிக்காகத் தொடங்கிய பாதை தேயிலைப் பெட்டிகளை இறக்கியது. மலையை வெட்டியதிலும், பிறகு அந்தத் தேயிலையைப் பறித்ததிலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களின் கைகள் இருந்தன.

ரம்புக்கனையைத் தாண்டியதும் முதல் ஏற்றம் தொடங்குகிறது. அங்கிருந்து கடுகண்ணாவை வரை சுமார் 20 கிலோமீற்றருக்குள் பாதை 400 மீற்றருக்கு மேல் உயர்கிறது. சாய்வு பெரும்பாலும் 44க்கு 1ஐ ஒட்டியே போகும். நீராவிக் காலத்தில் ரம்புக்கனையில் தொடரின் பின்னால் இன்னொரு எஞ்சினை மாட்டித் தள்ளி ஏற்றுவார்கள். இரண்டு எஞ்சின் என்பதன் பொருள் இரண்டு மடங்கு பலம் மட்டுமல்ல, இரண்டு மடங்கு நகப் பரப்பு. இழுவை முழுவதும் முன்னால் இருந்தால் முதல் பெட்டியின் கொளுக்கி முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். பின்னால் இருந்து தள்ளினால் அந்தப் பாரம் பாதியாகும். கொளுக்கி அறுந்தாலும் பெட்டிகள் பின்னோக்கி ஓடிவிடாமல் பின் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

வளைவுக்கும் ஒரு விலை உண்டு. மேல்மலையில் வளைவுகளின் ஆரை சுமார் 100 மீற்றர்வரை இறுகுகிறது. அன்றைய அளவில் 5 சங்கிலி. 1,676 மில்லிமீற்றர் என்ற அகலமான பாதைக்கு இது மிக இறுக்கமான வளைவு. ரயில் பெட்டியில் இடது சில்லும் வலது சில்லும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. காரில் உள்ளதுபோல் வெவ்வேறு வேகத்தில் சுற்ற முடியாது. ஆனால் வளைவில் வெளிப்புறத் தண்டவாளம் நீளமானது. முழு வட்டம் போட்டால் வெளிச்சில்லு உட்சில்லைவிட ஏறக்குறைய 11 மீற்றர் அதிகம் உருள வேண்டும். இதற்காகச் சில்லின் விளிம்பைச் சற்றே கூம்பாகக் கடைந்திருப்பார்கள். அச்சு வெளிப்பக்கம் நகரும்போது வெளிச்சில்லு தன் பெரிய விட்டத்திலும் உட்சில்லு தன் சிறிய விட்டத்திலும் உருளும். இவ்வளவு இறுக்கமான வளைவில் கூம்பு போதாது. மிச்சம் வழுக்கலாகவும் உரசலாகவும் மாறும். மேல்மலைப் பாதையில் காது கூசும்படி கேட்கும் கிறீச்சிடும் ஓசை அதுதான். அந்த உரசலும் எஞ்சினின் கணக்கில் ஏறும் சுமையே. அதனால்தான் கவனமுள்ள பொறியியலாளர்கள் இறுகிய வளைவுகளில் சாய்வைச் சிறிது தளர்த்திவிடுவார்கள்.

எல்ல நகருக்கும் தெமோதரைக்கும் இடையில் உள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் பிடிக்காதவர் இல்லை. 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம். அது நேராக இல்லாமல் வளைந்து நிற்பதை எல்லோரும் ரசிக்கிறார்கள். பள்ளத்தாக்கின் இருபுறமும் வந்து சேரும் பாதை வளைவில் இருப்பதால் பாலமும் வளைய வேண்டியதாயிற்று. வண்டி தன் போக்கை மாற்றக்கூடாது, எனவே கல்லும் செங்கல்லும் வண்டியின் போக்குக்கு வளைந்துகொண்டன.

தெமோதரையில் பாதை தன்னையே முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. நிலையத்தை விட்டுப் பதுளைப் பக்கம் இறங்கும் வண்டி குன்றைச் சுற்றி வந்து, தான் நின்ற நிலையத்துக்கு நேர் கீழே ஒரு சுரங்கத்துக்குள் நுழைகிறது. நேராக இறங்கினால் சாய்வு எல்லை மீறும். அந்த இடத்தில் பக்கவாட்டில் நீட்டவும் இடமில்லை. எனவே சுருட்டினார்கள். தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டுவதைப் பார்த்துப் பொறியியலாளருக்கு இந்த யோசனை வந்ததாக மலையகத்தில் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியானாலும், சுருளின் பின்னால் உள்ள கணக்கு எளிது. ஒரு மீற்றர் உயரத்துக்கு 44 மீற்றர் தண்டவாளம் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்க இடமில்லாத இடத்தில் தண்டவாளத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள்.

இதைவிடச் செங்குத்தாகவும் இலங்கையில் ஏறிப் பார்த்தார்கள். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு 1903-04 காலத்தில் 762 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு சிறு பாதை போனது. அதன் சாய்வு 24க்கு 1. வெறும் பிடியை நம்பி ஏறும் எஞ்சினுக்கு அது மிகக் கடினமான ஏற்றம். வீதியில் லொறிகள் வந்தபின் அதற்கு வேலை குறைந்து, 1940களோடு அந்தப் பாதை மறைந்தது.

பல் வைத்த பாதை

தமிழ்நாட்டின் நீலகிரியில் மலை வேறு விதமாக நின்றது. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை ஏறக்குறைய சமதரை. கல்லாற்றில் மலை சுவர்போல் எழுகிறது. அங்கிருந்து குன்னூர் வரை சுமார் 19 கிலோமீற்றருக்குள் பாதை ஏறத்தாழ 1,300 மீற்றர் உயர வேண்டும். இலங்கை வழியில் 44க்கு 1 சாய்வு வைத்திருந்தால் இதற்கு 57 கிலோமீற்றர் பாதை தேவைப்பட்டிருக்கும். அவ்வளவு தண்டவாளத்தைச் சுற்றிப் போட அந்தச் சரிவில் இடம் எங்கே?

அங்கே வைத்த உச்சச் சாய்வு 12க்கு 1. நம் உதாரண எஞ்சினை இங்கே கொண்டுவந்து நிறுத்துவோம். ஒவ்வொரு தொன்னுக்கும் 86 கிலோ இழுவை வேண்டும். நனைந்த தண்டவாளத்தில் 6 தொன் இழுவிசைதான் இருக்கிறது என்றால், ஏற்றக்கூடியது 70 தொன். பெரிய எஞ்சினும் அதன் நிலக்கரியும் தண்ணீரும் சேர்ந்தால் அந்த எடை அதிலேயே முடிந்துவிடும். பெட்டி ஒன்றும் மாட்டாமல் எஞ்சின் தன்னைத்தானே ஏற்றிக்கொள்ளவே திணறும். இந்த இடத்தில் பிடி தோற்றுவிடுகிறது. இனிப் பல் வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் றிகி மலைக்கு 1871இல் பற்பாதை போட்டுக் காட்டிய நிக்லவுஸ் றிகென்பாக் 1882இல் நீலகிரித் திட்டத்துக்கு ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்டார். கடைசியில் நீலகிரிக்குத் தேர்ந்தது இன்னொரு சுவிஸ் பொறியியலாளரான ரோமன் ஆப்டின் முறை. அதில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் இரண்டு பற்பட்டைகள் பக்கத்தில் பக்கம் ஓடும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதின் இடைவெளி வரும்படி தள்ளிவைத்திருப்பார்கள். எஞ்சினின் அடியில் உள்ள பற்சில்லு ஒரு பல்லை விடும் முன் இன்னொரு பல்லைப் பிடித்திருக்கும். அதனால் குலுக்கலும் இல்லை, பிடி விடும் கணமும் இல்லை. வேலை 1891இல் தொடங்கி, குன்னூர் வரை 1899இலும் உதகமண்டலம் வரை 1908இலும் ரயில் ஓடியது. 46 கிலோமீற்றரில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 சுரங்கங்கள்.

அதில் ஓடும் எக்ஸ் வகுப்பு எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் நுட்பம் நீராவியை இரண்டு முறை வேலை வாங்குவதில் இருக்கிறது. எஞ்சினில் நான்கு உருளைகள். கொதிகலத்திலிருந்து வரும் உயரமுக்க நீராவி முதல் இரண்டில் பிஸ்டனைத் தள்ளிச் சாதாரணச் சில்லுகளைச் சுற்றும். அங்கே பாதி களைத்து வெளியே வரும் நீராவியைப் புகைபோக்கிக்கு விடாமல் மற்ற இரண்டு உருளைகளுக்கு அனுப்புவார்கள். அவை பற்சில்லுகளைச் சுற்றும். பற்பாதை இல்லாத சமதரையில் இரண்டாம் சோடியை மூடிவிட்டு முதல் சோடியோடு மட்டும் ஓடலாம்.

எஞ்சின் தொடரின் கீழ்ப்புறத்தில் நின்று மேல்நோக்கித் தள்ளும். பற்பாதையில் வேகம் மணிக்கு 13 கிலோமீற்றரைத் தாண்டாது. ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக்கைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் நிற்பார். மலை ரயிலில் ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்தானது என்பதால் இந்த ஏற்பாடு.

இறங்குவதன் கணக்கைப் பாருங்கள். 250 தொன் தொடர் ஒன்று பட்டிப்பொளையிலிருந்து பதுளைக்கு ஏறத்தாழ 1,200 மீற்றர் இறங்குகிறது. அந்த உயரத்தில் சேர்ந்திருந்த சக்தி ஏறக்குறைய 300 கோடி யூல். அதில் பெரும்பங்கு பிரேக் கட்டைகளிலும் சில்லுகளிலும் வெப்பமாக வெளியேற வேண்டும். இலங்கை ரயில்களில் காலங்காலமாக இருக்கும் வெற்றிடப் பிரேக், குழாயில் வெற்றிடம் இருக்கும்வரை தளர்ந்திருக்கும். குழாய் அறுந்து வளி உள்ளே புகுந்தால் தானாகவே இறுகிவிடும். பழுது வந்தால் வண்டி நிற்க வேண்டும், ஓடக்கூடாது என்ற அறிவு அதில் இருக்கிறது. பற்பாதை எஞ்சின்களில் றிகென்பாக்கின் இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. இறங்கும்போது நீராவியை மூடிவிட்டு உருளைகளை வளி அமுக்கியாக மாற்றிவிடுவார்கள். சில்லு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் வளியை நெருக்க, அந்த எதிர்ப்பே வண்டியைப் பிடித்து நிறுத்தும். சூடேறும் உருளைக்குள் சிறிது தண்ணீர் விட்டுக் குளிர்விப்பார்கள்.

மூச்சு வாங்குவது ஏன்

ஒரு கிலோ தண்ணீரைப் பனிச்சங்கேணி வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர வேண்டிய வெப்பத்தைப் போல ஏழு மடங்கு, அந்தக் கொதிநீரை நீராவியாக்க வேண்டும். அவ்வளவையும் கொடுத்தபின் பெரும்பங்கை உருளையை விட்டு வெளியேறும் நீராவி புகைபோக்கி வழியாக எடுத்துப் போய்விடும். அதனால்தான் நீராவி எஞ்சினின் வினைத்திறன் நூற்றுக்கு ஆறு அளவிலேயே நின்றுபோனது. நல்ல நிலக்கரி ஒரு கிலோவில் 28 மெகாயூல் இருந்தால், ஏறக்குறைய 1.7 மெகாயூல்தான் வண்டியை இழுக்கிறது. அந்த 250 தொன் தொடரைக் கடல்மட்டத்திலிருந்து பட்டிப்பொளை உயரத்துக்குத் தூக்க மட்டும் 2.7 தொன் நிலக்கரியும், 19 தொன் அளவு தண்ணீரும் வேண்டும். உராய்வுக்கும் வளைவுக்கும் ஆவது தனி. இந்தக் கரியை ஓர் ஆள் சவளால் அள்ளிப் போட்டார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

வெளியேறும் நீராவியும் முற்றிலும் வீணாவதில்லை. அதைப் புகைபோக்கியின் அடியில் ஒரு குழாய்முனை வழியாக மேல்நோக்கிப் பாயவிடுவார்கள். அந்தப் பாய்ச்சல் கொதிகலக் குழாய்களிலிருந்து புகையை இழுத்து, நெருப்புக்கு அடியிலிருந்து புதிய வளியையும் இழுக்கும். ஏற்றம் கடினமானால் அதிக நீராவி வெளியேறும், இழுப்பும் கூடும், நெருப்பும் சீறும். கேட்கும் அளவுக்கு நெருப்புத் தானாகவே கொடுக்கும் இந்த ஏற்பாடு, விசிறியோ மின்சாரமோ இல்லாமல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வேலை செய்தது. மேல்மலையில் இது மிகவும் அவசியம். பட்டிப்பொளையில் வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஒவ்வோர் இழுப்பிலும் நெருப்புக்குக் கிடைக்கும் ஒட்சிசன் அந்த அளவு குறைகிறது.

பயணிக்குக் கேட்கும் மூச்சு வாங்கும் சத்தம் இந்தப் பாய்ச்சலின் சத்தம். சாதாரண இரட்டை உருளை எஞ்சினில் சில்லு ஒரு முறை சுற்றினால் நான்கு மூச்சு. இதைக் கொண்டு வேகத்தையே அளக்கலாம். இயக்கும் சில்லின் விட்டம் 1.4 மீற்றர் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 4.4 மீற்றர், ஒரு மூச்சுக்கு 1.1 மீற்றர். பத்துச் செக்கனில் நாற்பது மூச்சு கேட்டால் வண்டி மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுகிறது. சத்தம் திடீரென்று படபடவென்று அடுக்கடுக்காக வந்தால் சில்லு வழுக்கிவிட்டது, சாரதியின் கை உடனே மணல் நெம்புகோலைத் தேடும்.

புகைபோக்கிக்கு மேல் தெரியும் வெண்மை நீராவி அல்ல. நீராவி கண்ணுக்குத் தெரியாது. அது குளிர்ந்து நுண்துளிகளானதும்தான் தெரிகிறது. 30 பாகை வெப்பத்தில் ஒரு கனமீற்றர் வளி ஏறக்குறைய 30 கிராம் நீராவியைக் கொள்ளும், 15 பாகையில் 13 கிராம்கூடக் கொள்ளாது. மட்டக்களப்பு வெயிலில் எஞ்சின் விட்ட வெண்புகை சில நொடியில் கரைந்துபோகும். அம்பேவளைக் குளிரில், ஏற்கெனவே நிறைந்து நிற்கும் வளியில், கரைய இடமில்லாமல் அது தொடரின் மேல் படர்ந்து கிடக்கும். மலை நீராவி ரயிலின் படங்கள் அவ்வளவு எடுப்பாக இருப்பதற்குக் காரணம் ஈரப்பதம்.

சாரதியின் கண் போகும் இடமோ கண்ணாடிக் குழாயில் தெரியும் தண்ணீர் மட்டம். எரிபெட்டியின் கூரைக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். நின்றால் கூரையின் உருக்கு கொதிநீரின் வெப்பமான 190 பாகையை ஒட்டி இருக்கும், நில்லாவிட்டால் 1,000 பாகைக்கு மேற்பட்ட நெருப்பில் இளகிவிடும். இப்போது வண்டி உச்சியைக் கடக்கிறது என்று வையுங்கள். ஏறும்போது தண்ணீர் பின்பக்கமாக, எரிபெட்டியின்மேல் சாய்ந்திருந்தது. 4 மீற்றர் நீளக் கொதிகலத்தில் 44க்கு 1 சாய்வு இரு முனைக்கும் இடையில் 9 சென்ரிமீற்றர் வித்தியாசம் தரும். உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் அது எதிர்ப்பக்கம் 9 சென்ரிமீற்றராகும். கண்ணாடியில் போதிய அளவு தெரிந்த தண்ணீர், சில நிமிடத்தில் முன்னால் ஓடிவிடும். ஆகவே உச்சிக்கு வரும் முன்பே தண்ணீரை ஏற்றி வைத்திருக்க வேண்டும். தவறினால் காப்பாற்ற எரிபெட்டிக் கூரையில் ஈயம் அடைத்த ஒரு திருகு இருக்கும். 327 பாகையில் ஈயம் உருகி, நீராவி நெருப்பின்மேல் பாய்ந்து எச்சரிக்கும். அந்த ஈயத்தை உருகவிட்ட சாரதிக்கு அன்று நல்ல பெயர் கிடைக்காது.

போன எஞ்சினும் போகாத எண்ணும்

நூற்றுக்கு ஆறு வேலை செய்யும் எஞ்சினுக்கு எதிரே நூற்றுக்கு முப்பது வேலை செய்யும் டீசல் எஞ்சின் வந்தபோது போட்டி நீடிக்கவில்லை. இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. ஒவ்வொரு தொன்னும் கப்பலில் வந்தது. 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து வந்த எம் 2 டீசல் எஞ்சின்கள் மலைப்பாதையில் இறங்கின. பி. டி. ரம்பாலா புகையிரதப் பொது முகாமையாளராக இருந்த காலத்தில் நீராவி வேகமாகப் பின்வாங்கியது. இன்று அந்தப் பழைய எஞ்சின்களைக் கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 1980களில் தொடங்கிய வைஸ்ராய் ஸ்பெஷல் போன்ற சிறப்புப் பயணங்கள் சுற்றுலாக்காரர்களுக்காக நீராவியை மறுபடி மலையேற்றின. நீலகிரியில் நிலை வேறு. அங்கே பற்பாதைக்கென இருப்பது நீராவி எஞ்சின்தான் என்பதால் கல்லாறு – குன்னூர் ஏற்றத்தில் அது இன்னும் வேலையில் இருக்கிறது, குன்னூருக்கு மேல்தான் டீசல். 2005இல் யுனெஸ்கோ அந்தப் பாதையை உலக மரபுரிமையில் சேர்த்த பிறகும், திருச்சி பொன்மலைப் பணிமனை அதற்குப் புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து கொடுத்திருக்கிறது.

எஞ்சின் மாறினாலும் பாதை மாறவில்லை என்பதைப் பதுளைக்குப் போகும் எவரும் இன்றும் உணரலாம். டீசல் எஞ்சினும் அதே நகப் பரப்பால்தான் பிடிக்கிறது. மழையில் அதுவும் வழுக்குகிறது, அதற்கும் மணல்பெட்டி இருக்கிறது. நாட்டிலுள்ள மிக நீளமான டீசல் எஞ்சின்கள் இந்த இறுகிய வளைவுகளுக்கு ஒத்துவராததால் மேல்மலைக்கு அனுப்பப்படுவதில்லை. கோப்பி மூட்டைகளை இறக்குவதற்காக, ஈரத் தண்டவாளத்தில் ஒரு நீராவி எஞ்சின் எவ்வளவு ஏற்றும் என்று பார்த்து வைத்த அளவுகள், எத்தனை பெட்டி மாட்டலாம், மணிக்கு எத்தனை கிலோமீற்றர் போகலாம், எந்த எஞ்சினை வாங்கலாம் என்பதையெல்லாம் இன்றும் முடிவு செய்கின்றன. சூரிய சக்தியோ மின்சாரமோ நாளை வந்தாலும் அந்தப் பாதைக்கு வண்டி வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி மாறாது: 44க்கு 1 சாய்வில், 100 மீற்றர் வளைவில், மழை நாளில், எத்தனை தொன்?